இறுகாத பூச்சு

கிட்டாரைத் தொடுவதற்கு முன் கை கழுவுகிறவர்கள் மிகக் குறைவு. சாப்பிட உட்காரும்போது கழுவுவார்கள், பச்சைக் குழந்தையைத் தூக்குமுன் கழுவுவார்கள். கிட்டார் என்றால் மட்டும் இருக்கிற கையோடு எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அதன் பலனை முகர்ந்து பார்க்க வேண்டியவள் நான்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும், மேடம். இருந்தாலும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எலெக்ட்ரிக் கிட்டார்களின் மேல்பூச்சு தேய்ந்தால், வெடித்தால், பெயர்ந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடித்துப் பழையபடி ஆக்கித் தருவேன். வீட்டின் பின்னறைதான் பட்டறை. சோதனை போட வந்த உங்கள் போலீஸ் ஆட்கள் அங்கே செருப்போடு நடந்தார்கள். பரவாயில்லை, இனி அங்கே வேலை நடக்கப்போவதில்லை.

கம்பிகளைக் கழற்றிவிட்டு, இடது கை பிடிக்கும் நீளமான கழுத்துப் பகுதியைப் பார்த்தால், குறுக்கே பதித்த ஒவ்வொரு உலோகப் பட்டையின் ஓரத்திலும் கறுப்பாக ஒன்று படிந்திருக்கும். கீறினால் மெழுகுபோல் சுருண்டு வரும். தொழிலுக்கு வந்த புதிதில் மரத்தூள் என்று நினைத்திருந்தேன். அது தோல், மேடம். வாசிக்கிறவனின் செத்த தோல், வியர்வை, தின்ற பண்டத்தின் எண்ணெய். ஈரத்துணி பட்டதும் வாடை எழும்பும், நாளெல்லாம் மாட்டியிருந்த காலுறையின் வாடை. வலது முன்கை படும் இடத்தில் பூச்சே போய் மரம் தெரியும். அதை அழகு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். புதுக் கிட்டாரை வாங்கிவந்து அப்படித் தேய்த்துத் தரச் சொன்னார் ஒருவர். "அடுத்தவன் போட்டுக் கழட்டின செருப்புன்னாத்தான் உங்களுக்கு நடை வருமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

உங்கள் கேள்வி என் தம்பியின் விரல்களைப் பற்றியது. அதற்குத்தான் வருகிறேன். அழுக்கைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டார். நான் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அடிப்பாகத்தையும் மேல்தோலையும் பசை போட்டு ஒட்டும் பிரிவு. அது மூடப்பட்டதும் மரச்சாமான் கடை ஒன்றில் லேக்கர் அடிக்கக் கற்றேன். அவனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலே சொல்வார்கள். அவன் பள்ளிக்கூடம் முடித்த வருடம், யாரோ தூக்கிப்போடவிருந்த கிட்டாரை வாங்கி, பூச்சை முழுக்க உரித்து, நடுவில் தேன் நிறமும் ஓரத்துக்குப் போகப் போகக் காப்பிக்கொட்டை நிறமுமாக அடித்துக் கொடுத்தேன். அதை அவன் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான். நான் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் விரல் பட்ட தடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாசிப்பதற்கு இடது கை நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அதை நான்தான் வெட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சன்னலோரம், மடியில் செய்தித்தாள் விரித்து. அவனுக்கு முப்பது நெருங்கியபோதும் நான்தான் வெட்டினேன். இதில் தவறு என்ன என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவன் ஒரு சின்னக் குழுவில் வாசித்தான். விருந்துகள், ஓட்டல்கள். அதில் பாட வந்தவள்தான் அவள். பாட்டுக்காரி என்றுதான் நான் சொல்வேன். கெட்டவள் இல்லை. சிரித்த முகம், வாய் ஓயாத பேச்சு. உள்ளங்கை மட்டும் எப்போதும் வியர்த்திருக்கும். அவள் பிடித்துவிட்டுப் போன கதவுக் கைப்பிடியை நான் துணி வைத்துத்தான் திறப்பேன்.

முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது பொரித்த கோழி வாங்கி வந்திருந்தாள். அவன் தட்டிலிருந்து அவள் எடுத்தாள், அவள் கடித்ததை அவன் வாங்கித் தின்றான். தின்ற கையோடு கிட்டாரை எடுத்தாள்.

"கை" என்றேன்.

"என்னக்கா?"

"கையில எண்ணெய்."

"கிட்டாரும் பாவம், எத்தனை நாள் பட்டினி கிடக்கும்? கொஞ்சம் ருசி பார்க்கட்டுமே."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவனை அப்படிச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவள் கண்ணில் கிட்டாரின் மேல் இருந்த ஒரு கீறல் பட்டது. விரலை நாக்கில் தொட்டு அதன்மேல் தேய்த்தாள்.

"பாருங்க, மறைஞ்சிருச்சு."

எச்சில் காய்ந்தால் கீறல் திரும்பத் தெரியும். எச்சில் மட்டும் அங்கேயே இருக்கும். அவர்கள் போனதும் அந்த இடத்தைத் துடைத்தேன். வெந்நீரில் கையைக் கழுவினேன். அப்புறமும் கழுவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்தித்தாளை விரித்து அவன் கையைப் பிடித்திருந்தபோது அவள் படியில் வந்து நின்றாள்.

"டேய், உனக்கு வயசு என்ன?"

"சும்மா இருடி" என்றான்.

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். அக்கா, வெட்டினதையெல்லாம் என்ன பண்ணுவீங்க? டப்பாவுல போட்டு பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். தம்பி கையை இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனே வெட்டிக்கொண்டான், கோணலும் மாணலுமாக.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மாடி அறையில் குடியேறினார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. அழுக்குத் துணியைக் கீழே கொண்டுவந்து போடுங்கள், நானே துவைக்கிறேன் என்றேன். இரண்டு பேருடைய துணியும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு வரும். இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் போடுவேன். "அக்கா மாதிரி யாருக்குக் கிடைக்கும்" என்று அவள் தன் தோழியிடம் போனில் சொன்னதை நான் கேட்டேன்.

பிறகு கப்பல் வந்தது. வந்தது என்றால் வேலை. பயணிகள் கப்பல் ஒன்றில் அவன் வாசிக்கவும் அவள் பாடவும். மழைக்காலம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கடல், ஊர்கள், மேடை என்று சொல்லிக்கொண்டே போனான். திரும்பி வருவது எப்போது என்று கேட்டேன்.

"வருவோம்க்கா. நடுவுல நடுவுல வருவோம்."

"நடுவுல நடுவுல" என்பது எப்படிப்பட்ட சொல் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"கிளம்பறதுக்குள்ள கிட்டாரை மட்டும் கொஞ்சம் சரி பண்ணித் தா. பின்பக்கம் பெல்ட் கீறியிருக்கு, ஓரத்துல பெயர்ந்திருக்கு. கழுத்தை விட்டுரு."

"கழுத்துதான்டா அசிங்கமா இருக்கு. மரமே தெரியுது."

"அதுதான் கைக்குப் பழகிப்போச்சு."

"எனக்கும் அந்த இடம்தான்க்கா பிடிக்கும்" என்றாள் பாட்டுக்காரி. "எத்தனை வருஷம் தேய்ச்சிருந்தா இப்படி ஆகும். அதைப் பார்த்துத்தான் இவன்கூட பேசவே ஆரம்பிச்சேன்."

நான் அடித்த பூச்சு போன இடத்தைப் பார்த்து அவள் பேச ஆரம்பித்திருக்கிறாள்.

வேலையை ஒழுங்காகவே செய்தேன். பெயர்ந்த பள்ளங்களில் மெல்லிய தூரிகையால் சொட்டுச் சொட்டாக லேக்கர் விட வேண்டும். காய்ந்தால் வற்றி உள்ளே இறங்கும், மறுபடி விட வேண்டும். பள்ளம் மேடாகும்வரை விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் சமமாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் ஸ்ப்ரே. மற்ற பெயிண்டுகள் பழைய பூச்சின் மேல் ஏறி உட்காரும், ஒருநாள் பிரிந்து வரும். லேக்கர் அப்படியில்லை. அடியில் இருக்கும் பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிடும். எது முதலில் அடித்தது, எது இப்போது அடித்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான்.

கழுத்தையும் செய்தேன். உலோகப் பட்டைகளின் ஓரத்திலிருந்து கறுப்புச் சுருள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. அதில் எது அவனுடைய தோல், எது அவளுடையது என்று பார்த்தேன். தெரியவில்லை. ஒன்றாகக் குழைந்திருந்தது. குப்பையில் போடவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. காகிதத்தில் மடித்து எரித்தேன். முடி பொசுங்கும் வாடை வந்தது.

லேக்கர் கண்ணாடி மாதிரி வெடிக்காமல் இருக்க அதில் ஓர் எண்ணெயைத் துளித்துளியாகக் கலப்போம். கூடிவிட்டால் பூச்சு கடைசிவரை இறுகாது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், கைச்சூடு பட்டால் பிசுபிசுக்கும். தொழில் பழகுகிறவர்கள் செய்யும் தவறு இது. நானும் ஆரம்பத்தில் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கழுத்துக்கு நான் எண்ணெயைக் கூட்டித்தான் ஊற்றினேன். இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் பூச்சில் மூக்கை வைத்து முகர்வோம். வாடை இருந்தால் பூச்சு இன்னும் காயவில்லை, அதுவரை உரியவரிடம் கொடுக்க மாட்டோம். முகர்ந்தேன், வாடை இருந்தது. கொடுத்தேன்.

கிட்டாரின் கழுத்து பளபளப்பதைப் பார்த்து அவன் முகம் சுளித்தான். கிட்டாரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். மறுநாளே வந்தான்.

"அக்கா, கை ஒட்டுதுக்கா. வழுக்கவே மாட்டேங்குது."

"புதுப் பூச்சுடா. பழகப் பழகச் சரியாகும். இந்தா, இதைத் துணியில நனைச்சு வாசிக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தித் துடை. கையிலயும் பிசுபிசுப்பு இருந்தா இதுலயே கழுவிக்கோ."

கொடுத்தது பசை கழுவும் திரவம். செருப்புத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் நாங்கள் அதில்தான் கை கழுவுவோம். தண்ணீர் போல இருக்கும், நொடியில் காற்றோடு போய்விடும். அங்கே எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒருத்தி இருந்தாள், நன்றாகப் பாடுவாள், எல்லோரையும் கேலி செய்வாள். அவளுக்கு முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாமல் படியில் விழுந்தாள். அவளைப் போலப் பலர். அதனால்தான் தொழிற்சாலையை மூடினார்கள். அன்றிலிருந்து நான் கையுறை இல்லாமல் பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. அந்தத் திரவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிசுக்கை எடுக்கும், லேக்கரை ஒன்றும் செய்யாது. துடைத்ததும் கழுத்து வழுக்கும். சற்று நேரத்தில் மறுபடி ஒட்டும். மறுபடி துடைக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் சத்தம் என்று குறைப்படுகிறார்கள் என்று சொல்லி மாடி அறையின் சன்னல்களைப் பஞ்சு மெத்தை வைத்து அடைத்தேன். யாரும் குறைப்படவில்லை. எல்லோருக்கும் அவன் வாசிப்பது பிடிக்கும். கப்பலுக்காக இருவரும் நாள் முழுக்க அந்த அறையில் பயிற்சி செய்தார்கள். புட்டி காலியாகக் காலியாக நான் நிரப்பிக் கொடுத்தேன்.

முதலில் டம்ளரைக் கீழே போட்டான். பிறகு சாவியை. ஒருநாள் சாப்பிடும்போது இடது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. நுனியில பஞ்சு சுத்தின மாதிரி இருக்கு. கம்பியை அமுக்கினா எந்தக் கம்பின்னே தெரியல."

"ராத்திரி பகல்னு வாசிச்சா வேற எப்படி இருக்கும்" என்றாள் பாட்டுக்காரி. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவினாள். எச்சில் கையோடு. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வாசிப்பில் பிசிறு தட்டியது. கீழிருந்தே எனக்குக் கேட்டது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறுவான், நிறுத்துவான், ஆரம்பிப்பான். ஒரு தடவை நிறுத்தியவன் ஆரம்பிக்கவில்லை. அழுகிறான் என்று புரிந்தது. எனக்கு மட்டும் வலிக்காதா, மேடம்? மாடிப்படி வரை போனேன். அவள் குரல் கேட்டது, "டேய், என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று. திரும்பி வந்துவிட்டேன்.

நான் அவனை அழைத்துப்போன மருத்துவர், ஏதாவது ரசாயனத்தில் புழங்குகிறாயா என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். "அவன் என் பட்டறைப் பக்கமே வரமாட்டான் டாக்டர்" என்றேன். அது உண்மை. அந்த வாடை அவனுக்கு ஆகாது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அப்படி ஆயிற்று. மழை நின்றது, கப்பல் போயிற்று. அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலையில் நான் மேலே போய் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். சாப்பாட்டைப் பிசைந்து ஊட்டுவேன். குழந்தையில் வாயைத் திறந்தது போலவே திறந்தான். பல வருடங்களுக்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், நிம்மதியாக இருந்தேன் என்பேன்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான். கை போனவனோடு அவள் இருக்கமாட்டாள், குழுவோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. பாடுவதை விட்டுவிட்டுக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மாலையில் வந்ததும் கிட்டாரை எடுத்துத் துடைப்பாள்.

"நீ எழுந்து உட்கார்ற அன்னிக்கு இது தயாரா இருக்கணும்டா" என்பாள். அவனால் துணியைப் பிழிய முடியாது. ஆகவே அவள் பிழிந்தாள், வெறும் கையால், அடைத்த அறையில், அந்தப் புட்டியிலிருந்து.

அவளை நான் துடைக்கச் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளாகச் செய்தாள். நான் பார்த்தேன். புட்டி காலியானதும் "அக்கா, தீர்ந்துபோச்சு" என்று கொண்டுவந்து நீட்டினாள். நிரப்பினேன்.

ஒருநாள் அவள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். தோட்டின் திருகாணி அவள் விரலில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. குனிந்து தேடி எடுப்பாள், மறுபடி விழும்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மாட்டி விடுங்களேன். சனியன், கைக்கே அகப்பட மாட்டேங்குது."

அருகில் போனேன். காது மடலின் பின்னால் பிசுக்கு, கழுத்தோரம் வியர்வையில் ஒட்டிய முடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்க்கா."

அன்று மாலையும் நான் புட்டியை நிரப்பினேன். கன்னத்தில் பட்ட கையைக் கழுவிவிட்டு நிரப்பினேன்.

அவள் முட்டாள் இல்லை. படியில் கால் தவறி விழுந்து மருத்துவரிடம் போனபோது, அவனுக்கு இருப்பது போலவே அவளுக்கும் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து தொடுவது எது என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், புட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். உங்களிடம் வந்து சேர்ந்த கதை இதுதான்.

தெரியாமல் கொடுத்தேனா என்று உங்களோடு இருக்கும் அந்த எழுத்தர் கேட்டார். எனக்கு நல்லது நினைத்துத்தான் கேட்டார். இல்லை. முதல் புட்டியை நிரப்பும்போது நான் கையுறை போட்டிருந்தேன். எண்ணெயைக் கூட்டி ஊற்றும்போதே விரல்கள் என்ன ஆகும் என்று தெரியும். சன்னலை அடைக்கும்போது தெரியும். என் தம்பியின் விரல்களை மரத்துப்போகச் செய்தவள் நான்தான். அவன் பெண்டாட்டிக்கும் அதுவே நேர்வதைப் பார்த்துக்கொண்டு நிரப்பியவளும் நான்தான். அவன் வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்பதல்ல என் எண்ணம். அவன் கெட்டுப்போகக் கூடாது என்பதுதான். போகிற இடமெல்லாம் கண்டவர் கை பட்டு, கண்ட எச்சிலைத் தின்று, தேய்ந்து, யாரும் துடைத்துவிட இல்லாமல்.

அந்தத் திரவத்தை நிறுத்தினால் நரம்பு மெல்ல மெல்லத் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். முழுதாக வருமா என்று சொல்ல முடியாதாம்.

நேற்று நீங்கள் அவனை இங்கே அழைத்து வந்தீர்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கைத்தடியோடு. அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப் பொத்தானை யாரோ ஒன்று தள்ளிப் போட்டுவிட்டிருந்தார்கள். அவள்தான் போட்டிருப்பாள், அவள் விரலுக்கு அவ்வளவுதான் முடியும். அவன் என்னைக் கேட்பான் என்று காத்திருந்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவையும் அவனிடமே சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த அவன் இடது கையை, விரல் நுனியை, லேசாகத் தொட்டேன்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இழுத்த கையைச் சட்டையில் துடைத்தான். முன்பக்கமும் பின்பக்கமும், ஒவ்வொரு விரலாக, அழுத்தி அழுத்தி. அப்புறம் எழுந்து போய்விட்டான்.

நீங்கள் அப்போது தலை குனிந்துகொண்டீர்கள், மேடம். எனக்காக வருத்தப்பட்டீர்கள் போல. அதற்குத் தேவையே இல்லை. அவ்வளவு லேசாகத் தொட்டும் அவனுக்குத் தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா. விரலில் உணர்வு வந்துகொண்டிருக்கிறது. என் பிள்ளைக்குச் சரியாகிவிடும்.